அரை லிட்டர் தண்ணீர்

கிரேன்காரர் அறுபதடி உயரக் கூண்டில் ஏறி உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இறங்கமாட்டார். ஒண்ணுக்கு முட்டினாலும் அடக்கிக்கொண்டு இரும்புத் தகடு தூக்கிய மனுஷன். இப்போது புராஸ்டேட்டை அறுத்தெடுத்த பிறகு, இருமினாலே சொட்டுகிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் புற்றுநோய்க்கு முப்பத்துமூன்று நாள் கதிர்வீச்சு. அதற்கு ஒரு நிபந்தனை வேறு: தினமும் அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்க வேண்டும்.

ஐயா என்ன செய்தார்? பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கழுவுதொட்டியில் ஊற்றினார். அந்தச் சாமர்த்தியம் ஸ்கேனில் பல்லிளித்தது.

"மூத்திரப் பை நிறையலைங்க ஐயா," என்றாள் இயந்திரத்தை இயக்கும் பெண். "நிறைஞ்சாத்தான் குடல் மேல ஒதுங்கும். இல்லேன்னா கதிர் குடல்ல பட்டுப் புண்ணாயிடும். இன்னைக்குக் கதிர் வைக்க முடியாது, இந்த வாரம் இது ரெண்டாவது தடவை. இப்படி விட்டுவிட்டு வச்சா வைத்தியம் பலிக்காது."

வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்கு விளங்கிவிட்டது.

"கத்திக்குப் பயப்படலை, கால்சட்டை நனையுறதுக்குப் பயமாக்கும்?"

"நாலு பேர் பாக்குறாங்கடி."

"அந்த நாலு பேரும் இங்க விருந்துக்கா வந்திருக்காங்க?"

சுருக்கென்றது. கோபம் வந்தது, அவள்மேல் அல்ல. சாவு வாசலில் நிற்கையில் ஈரத்துக்குக் கூச்சப்பட்ட தன்மேல்தான். நேரே திரும்பிப் போய், "இன்னைக்கே இன்னொரு தடவை குடிச்சுட்டு வந்தா எடுத்துப்பியாம்மா?" என்று கேட்டார்.

"கடைசி ஆளா கூப்பிடுறேன்."

ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அரை மணி நேரம் தாக்குப்பிடித்தார். அப்புறம் ஒரு தும்மல், சனியன், எங்கிருந்தோ வந்தது. சாம்பல் நிறக் கால்சட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்தது. மனைவி செய்தித்தாளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

கூப்பிட்டதும் எழுந்து, கூடத்தின் நடுவாகவே நடந்தார். டை கட்டிய ஒருவர் பார்த்தும் பார்க்காததுபோலத் தலையைத் திருப்பினார். கிரேன்காரர் அவர்முன் நின்றார்.

"புராஸ்டேட் ஆபரேஷன். சொட்டும். நல்லாவே பாத்துக்குங்க."

அந்த ஆள் மெல்ல நிமிர்ந்தார். "எனக்கு அடுத்த வாரம் ஆரம்பிக்குதுங்க," என்றார்.

கிரேன்காரர் அவர் தோளைத் தட்டினார்.

"முழுசா குடிங்க. கீழ ஊத்தாதீங்க."

உள்ளே ஸ்கேனைப் பார்த்த பெண், "சிந்தினது போகவும் நிறைஞ்சிருக்கு," என்றாள்.

"அப்ப போடும்மா. மேசை நனைஞ்சா துடைச்சுக்கலாம்."