அருக்காணியின் அண்ணன்

அந்த வாரப் பிரசங்கத்தில் வெட்டி எடுக்க ஒன்றுமே இல்லை. ஞானதுரை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பின் முன் உட்கார்ந்து முழுவதையும் ஓடவிட்டுப் பார்த்தார். போதகரின் குரல் தடங்கலில்லாமல் போய் முடிந்தது.

டெல்லி ஜனக்புரியில் இந்திச் சபையார் காலையில் ஆராதனை முடித்துப் போன பிறகு, அதே கோவிலில் மாலையில் தமிழர்கள் கூடுவார்கள். மைக், ஸ்பீக்கர், ஒலிப்பதிவு எல்லாம் பல வருடங்களாக ஞானதுரையின் பொறுப்பு. மத்திய அரசில் பிரிவு அலுவலர், எதையும் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. ஞாயிறு பதிவைத் திங்கட்கிழமை சுத்தம் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். கோவிலுக்கு வர முடியாத பெரியவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். இப்படி ஒவ்வொரு பிரசங்கத்தையும் இரண்டு முறை கேட்டவர் சபையில் அவர் ஒருவர்தான். ஆனால் கேட்டதெல்லாம் வெறும் ஒலியாகத்தான் கேட்டார். எங்கே குரல் தாழ்ந்தது, எங்கே காகிதம் புரண்டது, எங்கே இருமல் விழுந்தது.

இருமல் மழைக்காலம் முடிந்ததிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. அருக்காணியுடையது. சேலத்துப் பக்கத்துக்காரி, வீடுகளில் சமையல் செய்கிறவள், புருஷன் விட்டுப் போய்விட்டான். அவள் கிறிஸ்தவள் இல்லை. தெருவில் போகும்போது தமிழ்ப் பாட்டுச் சத்தம் கேட்டு ஒருநாள் உள்ளே வந்தவள், அப்படியே வாராவாரம் வர ஆரம்பித்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஞானதுரை அவளிடம் போய், தன்மையாகத்தான், மைக்கில் இருமல் விழுகிறது, இனிமேல் கதவுப் பக்கமாக உட்கார் என்று சொல்லியிருந்தார். தலையை ஆட்டினாள். இந்த ஞாயிறு கதவுப் பக்கமும் அவள் இல்லை.

போதகர் பேசியிருந்தது, வசனத்தைக் கேட்பதோடு நின்றுவிடுகிறவர்களைப் பற்றி. ஞானதுரை பதிவைக் குழுவில் போட்டார். கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. யாரோ, இந்த வாரம் ஒலி அருமை என்று எழுதினார்கள். வழக்கமாக அதைப் படித்துச் சந்தோஷப்படுகிறவர் அன்றைக்குப் போனைக் கவிழ்த்து வைத்தார். மனைவி புஷ்பலதாவிடம் அருக்காணியைப் பற்றிக் கேட்டார். அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெண் வேலைக்கும் வரவில்லை, போன் எடுக்கவில்லை, அவள் சமைக்கிற வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள் என்றாள்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வரும்போது அவர் வீட்டுக்குப் போகாமல் அவள் குடியிருக்கிற சாகர்பூருக்கு ஆட்டோ பிடித்தார். விசாரித்து விசாரித்துச் சந்துக்குள் போய், வெயிலே இறங்காத ஒரு படிக்கட்டில் மூன்று மாடி ஏறினார். அருக்காணி கம்பளியைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரத்தில் இவ்வளவு இளைக்க முடியாது. இவள் பல நாளாகவே இளைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், தான் பார்க்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. அவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். வந்தா இருமலு நிக்க மாட்டேங்குது. சாமி காரியத்தக் கெடுக்க வேணாமுன்னுதான் வரல."

ஞானதுரை அடுத்த நாள் லீவு போட்டு அவளை அரசு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார். சளியைப் பரிசோதித்துக் காசநோய் என்றார்கள். மாத்திரை அங்கேயே கிடைக்கும், ஆறு மாதம் ஒருநாள் விடாமல் சாப்பிட வேண்டும், பாதியில் விட்டால் ஆபத்து, யாராவது கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள்.

திரும்பி வந்தபோது வீட்டுச் சொந்தக்காரி படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றாள். எப்படியோ சேதி முந்திக்கொண்டு போயிருந்தது. இன்றைக்கே காலி பண்ணச் சொன்னாள். மற்ற அறைகளில் குழந்தைகள் இருக்கின்றன, இவளுக்கு ஏதாவது ஆனால் யார் வந்து நிற்பார்கள் என்றாள். பிறகு ஞானதுரையின் கோட்டையும் பையையும் மேலும் கீழும் பார்த்து, "ஆப் இன்கே கௌன் லக்தே ஹைன்?" என்று கேட்டாள். நீங்கள் இவளுக்கு யார்?

சபையிலிருந்து வருகிறேன் என்றுதான் சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல்லுக்கு இந்தப் படிக்கட்டில் ஒரு மதிப்பும் இல்லை என்று பட்டது. "பாயி ஹூன்," என்றார். "அண்ணன். தினமும் வருவேன். மாத்திரை, சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு," என்று மீதியையும் இந்தியில் சொல்லி முடித்தார். வீட்டுக்காரி, ஜன்னலைத் திறந்தே வைக்கணும், மாஸ்க் இல்லாமல் வெளியே வரக் கூடாது என்று சொல்லி வழிவிட்டாள்.

மேலே போய் மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் அருக்காணி கேட்டாள். "அண்ணன்னு சொல்லிட்டீங்க. அண்ணன்னா தினமும் வரோணுமே சார்?"

"வாரேன்," என்றார்.

அவர் போதகரிடம் சொன்னார். போதகர் வருத்தப்பட்டு, பெயரை ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார். முறை வைத்துக்கொண்டு நாலு பேர் போனால் சுலபம் என்று ஞானதுரை கமிட்டியில் கேட்டுப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. குளிர் குறையட்டும் என்றார் ஒருவர். வீட்டில் பேரப்பிள்ளை இருப்பதை இன்னொருவர் சொன்னார். கோபித்துக்கொள்ள அவரால் முடியவில்லை. அவரே அந்தப் படிக்கட்டில் பாதி வழி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.

புஷ்பலதாதான் நேராகப் பேசினாள். "நீங்க போறதுக்கு நான் குறுக்க நிக்கல. எனக்கு சுகர் இருக்கு. அத மட்டும் மறந்துறாதீங்க."

அதில் தப்பு கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. டாக்டரும், சுகர் உள்ளவர்களைச் சீக்கிரம் தொற்றும், அவள் அந்த அறைக்குப் போகவேண்டாம் என்றுதான் சொன்னார். அதனால் ஞானதுரை விடியற்காலையில் எழுந்து தானே கஞ்சி வைத்தார், முட்டை அவித்தார், ஆபீசுக்கு முன்னால் சாகர்பூர் போய்வந்தார். திரும்பினதும் கோட்டைப் பால்கனியில் கழற்றிப் போட்டுவிட்டுக் குளித்த பிறகே வீட்டுக்குள் நடமாடினார். அருக்காணிக்கு மாத்திரை குமட்டியது. சில நாள், வேண்டாம் விட்டுருங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சில நாள் அவருக்கே எரிச்சல் வந்தது. ஒரு நாள், "எனக்கு மட்டும் தினமும் வர ஆசையா?" என்று கத்திவிட்டார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினாள். பிரசங்கப் பதிவுகள் வியாழன், வெள்ளி என்று தள்ளிப் போயின. ஒரு வாரம் குழுவில் பதிவே வரவில்லை.

ஜனவரியில் அவருக்கே காய்ச்சல் வந்தது. சாதாரண வைரல் என்றார்கள், ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. அன்று காலை அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது. புஷ்பலதா டிபன் பாக்ஸைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டார். "உள்ள போக மாட்டேன்," என்றாள் அவள். சால்வையை மூக்குவரை இழுத்துச் சுற்றிக்கொண்டு, ஆட்டோவுக்குக் கிளம்பினாள்.

சந்தில் பனி விலகவில்லை. காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். புஷ்பலதா கீழே நின்று போன் செய்ததும் மேலே ஜன்னலில் அருக்காணியின் முகம் தெரிந்தது. மாடிக்காரர்கள் காய்கறி வாங்க வைத்திருக்கிற கயிறு கட்டிய கூடை ஒன்று மெதுவாக இறங்கி வந்தது. அவள் டிபன் பாக்ஸை அதில் வைத்து, சாயாமல் இருக்கிறதா என்று இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டாள். கயிறு விறைத்தது. இரண்டாம் மாடியில் காயப்போட்டிருந்த துணிகளில் உரசி, கூடை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மேலே இழுக்கிற கைக்குப் பலம் போதவில்லை போலிருந்தது. புஷ்பலதா கழுத்தை நிமிர்த்தி, அறியாமலே கைகளை உயர்த்தி ஏந்திக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூடை மறுபடியும் அசைந்து மேலே போக ஆரம்பித்தது.