அசலில் இல்லாத மச்சம்

ஸ்பிரிங்வெளித் தோட்டப் பாடசாலை நல்லையா மாஸ்டருக்கு ஒயில் பெயின்டிங் பைத்தியம் பிடித்தது தொண்ணூற்றேழாம் ஆண்டு. பதுளையில் பழைய புத்தகக் கடையொன்றில் ஒரு வெள்ளைக்காரப் படத்தாள் அகப்பட்டது. காட்டு ஓடைக்கரையில் ஒருத்தி வெற்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், முகம் தெரியாது. அதைப் பார்த்து அப்படியே வரைந்தால் கை தேறிவிடும் என்று மனிதர் தாளில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். கேன்வஸிலும் அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தார். தூசி ஒட்டுமென்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அசல்ல இல்லாத ஒரு புள்ளிகூட நான் வெக்க மாட்டேன்" என்று பெருமை வேறு.

அவர் மனைவி லெட்சுமிக்குச் சாத்திய கதவு பிடிக்கவில்லை. கட்டியவள் அடுப்படியில் வேகும்போது, முதுகு காட்டுகிறவளோடு நாலு மாதம் குடித்தனம் நடத்தினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அந்தச் சனிக்கிழமை அவர் வெள்ளைப் பெயின்ட் வாங்க டவுனுக்குப் போனதும் உள்ளே நுழைந்தாள். தாளையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். படத்தில் இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம். தாளை வெளிச்சத்தில் பிடித்துத் தேடினாள். அதில் இல்லவே இல்லை. மச்சத்தில் விரல் வைத்தாள், ஈரம் ஒட்டியது.

அப்படியானால் இது எவளுடைய முதுகு? பக்கத்துக் குவார்ட்டர்ஸில் யாழ்ப்பாணத்து விஜிதா டீச்சர் தனியாக இருக்கிறாள். புதன்கிழமை வந்து படத்தைப் பார்த்து, "நல்ல வடிவா இருக்கு மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனவள். அப்போது இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்ததை லெட்சுமி மறக்கவில்லை. டர்பன்டைன் துணியை எடுத்து மச்சத்தைத் துடைத்தாள். பத்து வருஷக் குடும்பம் போய்விடுமோ என்று பயம்.

பைப்பில் தண்ணீர் நின்று ஒரு வாரம். குவார்ட்டர்ஸ் பெண்களுக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே, மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில்தான் குளிப்பு. விஜிதா வாளியோடு இறங்கியதும் லெட்சுமி சவர்க்காரமும் தேங்காய் நாருமாகப் பின்னாலேயே இறங்கினாள்.

"முதுகு தேச்சு விடவா டீச்சர்?"

"ஐயோ, உங்களுக்கேன் அக்கா கரைச்சல்?"

அதற்குள் லெட்சுமி தொடங்கிவிட்டாள். மார்போடு கட்டிய துணிக்கு மேலே இடமும் வலமும் தோல் உரிகிற மாதிரித் தேய்த்தாள். ஒரு புள்ளி இல்லை. நிம்மதி வந்ததா? அதுதான் இல்லை. அப்படியானால் வேறு எவளோ என்று மனம் லயம் லயமாக ஓடியது.

"இனி நீங்க திரும்புங்கோ" என்று விஜிதா நாரை வாங்கினாள். ஓரிடத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டுச் சிரித்தாள். "ஊத்தையெண்டு நினைச்சன் அக்கா. மச்சம்!"

"எங்க?"

"இதில, இடது தோளுக்குக் கீழ. உங்களுக்குத் தெரியாதோ?"

எப்படித் தெரியும்? வீட்டில் இருப்பது முகம் மட்டும் தெரிகிற கண்ணாடி. லெட்சுமிக்குப் பீலித் தண்ணீரிலும் உடம்பு சுட்டது.

சாயங்காலம் மாஸ்டர் அறைக்குள்ளிருந்து கத்தினார். "ஐயையோ, இத யாரு தொடச்சது?"

"நாந்தான். அசல்ல இல்லாதத எதுக்கு வெச்சீங்க?"

"இல்லையா?" தாளை மூக்கருகே பிடித்துத் தேடினார். முகத்தில் துளி நடிப்பில்லை. "இருக்குன்னுல்ல நெனச்சேன் லெச்சுமி. முதுகுன்னா அந்த எடத்துல ஒன்னு இருக்கும்ல?"

அவளுக்கு அழுகை வந்தது; வெட்கம் பிடுங்கித் தின்றது. கதவை அவளே சாத்தினாள். ரவிக்கையை இடது தோளிலிருந்து இறக்கி, அவருக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இப்ப பார்த்து வைங்க" என்றாள்.