கேஷவுக்காக மறைத்த பகடை

கேஷவ் ஜெரோமின் உதட்டைக் கிழித்தது ஒரு பகடைக்காக. சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் விளையாட்டு அப்படி. ஜெரோம் கதையை நடத்துவான்; நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் சண்டை போடுவோம்; அடி விழுமா தப்புமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அன்று கேஷவின் வீரன் பாலத்திலிருந்து விழுந்து செத்தான். கேஷவ் எழுந்து ஜெரோமின் வாயிலேயே குத்தினான். அஸ்தினாபுரத்தில் என் வீட்டு மொட்டை மாடியெல்லாம் ரத்தம். தையல் போட வேண்டியதாயிற்று.

ஆட்டத்திலிருந்து நாங்கள் விலக்கி வைத்த கேஷவ், கெஞ்சிக் கூத்தாடிப் புது வீரனோடு திரும்பி வந்தான். அதிலிருந்து ஜெரோம் ஒரு அட்டையை நிறுத்தி, அதன் பின்னால் பகடை உருட்டினான். எதிரியின் அடி கேஷவுக்கு மட்டும் தப்பித் தப்பிப் போனது. எனக்கும் எங்களோடு ஆடும் சத்யபிரியாவுக்கும் விஷயம் தெரியும். வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. தடிமாடு மாதிரி வளர்ந்தவனைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறோமே என்று எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

இந்த ஞாயிறு, கோட்டைக்குள் அரக்கன் சத்யபிரியாவின் வில்லாளியைச் சுவரில் அடித்துக் கொன்றான். என் வைத்தியச்சியின் காலை உடைத்தான். அடுத்து கோடரி கேஷவின் வீரன் மேல் இறங்கியது. ஜெரோம் உருட்டிப் பார்த்துவிட்டு, கேஷவ் தப்பித்துவிட்டதாகச் சொன்னான்.

கேஷவ் கை நீட்டி அட்டையைப் பிடுங்கினான். பகடையில் இருபது. அடிப்பவனுக்கு இருபது விழுந்தால் அடிபட்டவனின் உறுப்பே போகும், அது எங்கள் விதி.

ஜெரோம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். கேஷவின் முஷ்டி இறுகியது. நான் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தேன். அவன் குத்தினால் மண்டையில் ஒன்று போடுவதாகத்தான் இருந்தேன்.

"எவ்ளோ நாளாடா இப்படி?" என்றான் கேஷவ்.

"நீ திரும்பி வந்ததுலேர்ந்து. இன்னா பண்ண சொல்ற? உன்னப் பாத்தா பயமா கீது மச்சான்."

கேஷவின் முகம் செத்துப்போனது. நண்பன் தன்னைப் பார்த்துப் பயப்படுவது அவனுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. முஷ்டியை மெல்ல விரித்து மேசைமேல் வைத்தான்.

பிறகு தன் வீரனின் கதையைத் தானே சொல்லத் தொடங்கினான். வாள் பிடித்த கை தோளோடு அறுந்து விழுகிறது. ரத்தம் அரக்கனின் கண்ணில் பீய்ச்சி அடிக்கிறது. அவன் தடுமாறும் நேரத்தில் வீரன் மிச்சக் கையால் என் வைத்தியச்சியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். உள்ளே அவனும் கோடரியும் மட்டும். நான் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

ஜெரோம் பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கினான்.

"உருட்டு," என்றான் கேஷவ். "செத்தா சாகட்டும். நீ பயப்படாம உருட்டு."