ஆறாவது கொண்டை ஊசி

சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்கு டாக்டர் என்று பெயர். படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷமாக ஃப்ரேம் மாட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், சாயம் போன சட்டையைப் போட்டுக்கொண்டு, முப்பது வயதைத் தாண்டிய அந்த வெள்ளைக் காருக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவார். வெளியே தெரிவது இரண்டு பாதங்கள் மட்டும்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "டாக்டர் ஆபரேஷன்ல இருக்கார், சாயங்காலமா வாங்க" என்று அவர் மனைவி ஒருநாள் சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்.

அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். எறும்புத் தலை அளவு திருகாணியைக் கை நடுங்காமல் முடுக்குகிற விரல்களுக்குக் கார் எம்மாத்திரம் என்று நினைத்தார்.

கைமீறிய வேலை என்றால் மட்டும் தெருமுனை மெக்கானிக்கிடம் போவார். மெக்கானிக் அதிகம் பேசாத ஆள். ஆனால் இவர் வண்டியின் பானெட்டைத் திறக்கும்போது மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "சார் வண்டியில எனக்குன்னு எப்பவும் ஒரு பரிசு இருக்கும்" என்பார். ஒரு தடவை ரேடியேட்டர் குழாயைச் சுற்றி ஷூ லேஸ் இருந்தது. இன்னொரு தடவை பேட்டரியின் பக்கத்தில் முட்டுக் கொடுத்து மடித்து வைத்த கண்ணாடிக் கூடு.

"இப்போதைக்கு வச்சேன்ணே."

"உங்க இப்போதைக்கு எத்தனை வருஷம் சார்?"

இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு டாக்டருக்குப் பிடிக்கும். தொழில்காரன் ஒருவன் தன்னைத் தொழில்காரனாக மதித்துக் கேலி செய்கிறான் என்று தோன்றும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடதுபக்கம் முன் சக்கரத்தைக் கழற்றி உள்ளே கிரீஸ் வைத்தார். சக்கரத்தை அச்சோடு பிடித்துவைப்பது ஒரு பெரிய நட்டு. அந்த நட்டு தானாகச் சுழன்று கழன்றுவிடாமல் இருக்க, அதன் குறுக்கே ஒரு சின்னக் கம்பியைச் செருகி, இரண்டு முனையையும் விரித்து மடக்கி வைப்பார்கள். ஸ்பிளிட் பின் என்று பேர். பழைய பின் இழுக்கும்போதே முறிந்துபோனது. அன்றைக்குப் பார்த்து உதிரிபாகக் கடைக்கு விடுமுறை. மறுநாள் காலை அக்காவைத் துணிக்கடைக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா தையல்காரி, மொத்தமாகத் துணி எடுக்கிற நாள் அது.

கை கழுவ உள்ளே போனவர் கண்ணில் நிலைக்கண்ணாடி மேசை பட்டது. அட்டையில் வரிசையாகக் குத்திய ஆறு கொண்டை ஊசிகள். மனைவி தன் தங்கை கல்யாணத்துக்கு வாங்கியவை, கறுப்பு வர்ணம் பூசியவை. ஒன்றை உருவிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. முனைகளை மடக்கினார், மேலே மூடியைத் தட்டி அடைத்தார்.

"இப்போதைக்கு இருக்கட்டும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

முதல் வாரம் தினமும் ஞாபகம் வந்தது. இரண்டாம் வாரம் பள்ளத்தில் வண்டி இறங்கும்போது மட்டும் வந்தது. அப்புறம் வரவே இல்லை. மூடியிருக்கிறது, வெளியே தெரியவில்லை, வண்டியும் ஓடுகிறது.

நடுவில் ஒருநாள் மனைவி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இதுல ஆறு இருந்துச்சு. இப்ப அஞ்சுதான் இருக்கு."

"கூட்டும்போது போயிருக்கும்."

"எங்கே போகும்? மேசையை விட்டு இறங்கி நடந்தா போகும்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பாள், தங்கையிடம் சொல்லுவாள், அடுத்த விசேஷத்தில் ஊரே சிரிக்கும். அதனால் டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலை நகர்த்தினார். மண்டியிட்டு அடியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "இங்கேயும் இல்லையே" என்று வேறு சொன்னார். "விடுங்க, ஒரு ஊசிக்காக இடுப்பைப் பிடிச்சுக்காதீங்க" என்று அவள்தான் அவரைக் கைபிடித்துத் தூக்கிவிட்டாள்.

போன புதன்கிழமை அத்தான் வந்து கார் சாவியை வாங்கிக்கொண்டு போனார். அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஒரு பள்ளிக்கூடத்தின் வேன்களுக்குப் பொறுப்பாளர். அக்கா தைத்து முடித்த சீருடைகளை மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அக்காவும் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். மார்க்கெட் முனையில் திரும்பும்போது இடதுபக்கம் முன் சக்கரம் கழன்று, காருக்கு முந்திக்கொண்டு உருண்டு போனது. வண்டி தார்ச்சாலையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு போய் ஒரு மருந்துக்கடைச் சுவரில் முட்டி நின்றது. அத்தானுக்கு ஒரு கீறல் இல்லை. முன்னால் ஊன்றிய அக்காவின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் ஒடிந்துவிட்டது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

ஆஸ்பத்திரியில் அத்தான் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "டாக்டர் எங்கே? டாக்டர் எங்கேன்னு கேக்கறேன்!" உள்ளேயிருந்து நிஜ டாக்டர் எட்டிப் பார்த்தார். மூலை பெஞ்சிலிருந்து இவரும் எழுந்து நின்றார்.

"நீ உக்காரு மச்சான். நான் கேட்டது படிச்ச டாக்டரை."

பக்கத்தில் இருந்தவர்கள் அந்த நேரத்திலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவர் உட்கார்ந்தார். சக்கரம் கழன்றது என்று போனில் கேட்ட கணமே அவருக்கு அந்த ஊசி ஞாபகம் வந்துவிட்டது. எந்தச் சக்கரம் என்று கேட்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் ஓடி வந்தார். விஷயம் காதில் விழுந்ததும் கையில் கிரீஸோடு அப்படியே கிளம்பியிருக்கிறார். அத்தான் அவரைப் பார்த்ததும் பாய்ந்தார்.

"நாலு நாள் முன்னாடி நீதானேய்யா சக்கரத்தைக் கழட்டினே? மாட்டத் தெரியாதவன் எதுக்குக் கழட்டணும்?"

"நான் பின்னாடி ரெண்டுதான் சார் கழட்டினேன். பிரேக் வேலை. முன் சக்கரத்தைத் தொடவே இல்ல." மெக்கானிக் இவர் பக்கம் திரும்பினார். "சாரும் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தார். சொல்லுங்க சார்."

ஆமாம், பின்னால் இரண்டு மட்டும்தான். ஒரு வரி. டாக்டர் தரையைப் பார்த்தார். ஒரு ஓடு கொஞ்சம் பெயர்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சரியா ஞாபகம் இல்லண்ணே."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார், கிரீஸ் போன பிறகும்.

"எங்க ஸ்கூல் வேன் ஆறும் உன் கையிலதானே இருக்கு? திங்கட்கிழமை வந்து ஆறையும் எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றார் அத்தான். "பிள்ளைங்க ஏறுற வண்டிய்யா அது."

அந்த ஆறு வேன்கள்தான் அந்தப் பட்டறைக்குச் சோறு என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு நாள் டாக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடையில் ஒரு பெரியவரின் ஃப்ரேமில் திருகாணியைப் பூட்டும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக விரல் நடுங்கி அது கீழே விழுந்தது. "கிடைக்கலேன்னா இப்போதைக்கு ஒரு நூலைக் கட்டிக் குடுங்க தம்பி" என்றார் பெரியவர். டாக்டருக்குக் காது மடல்வரை சூடேறியது. தவழ்ந்து தேடி அந்தத் திருகாணியை எடுத்துத்தான் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறைக்குப் போனார். கட்டியிழுத்து வந்த கார் ஓரமாக நின்றது. சக்கரமில்லாத பக்கம் மரக்கட்டை முட்டுக்கொடுத்திருந்தது. என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. மெக்கானிக் அவரைக் கண்டதும் எழுந்து போய், அலமாரியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். உள்ளே ஒரு துண்டுக் கம்பி, விரல் நகத்தளவு. கறுப்பு வர்ணம் பாதி உரிந்திருந்தது.

"அச்சுத் துளையில சிக்கிட்டு இருந்துச்சு. வீட்டம்மாவோடதுன்னு நினைக்கிறேன். குடுத்துடுங்க."

சிரிப்பு இல்லை. பரிசு என்ற வார்த்தை இல்லை.

"யார்கிட்டயாவது சொன்னீங்களாண்ணே?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்ன என்று அவருக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் சொன்னா யார் சார் நம்புவாங்க?" என்றார் மெக்கானிக். "என் பட்டறையில எடுத்த கம்பி. நானே வச்சு எடுத்தேம்பாங்க. உங்களுக்குத்தான் ஞாபகம் வரணும்." சொல்லிவிட்டு வேறு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

சனிக்கிழமை காலை அக்கா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அக்கா கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள். டாக்டரின் மனைவி அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அத்தான் போனில் யாரிடமோ புது மெக்கானிக்கைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் காகிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

"அத்தான், போனை வைங்க. முன் சக்கரத்தைக் கழட்டினது நான். எட்டு மாசம் முன்னாடி. பின் உடைஞ்சு போச்சு. அதுக்குப் பதிலா இதை வச்சேன்."

அத்தான் அந்தத் துண்டை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "என்னது இது?"

"கொண்டை ஊசி."

அத்தான் துண்டைக் காகிதத்தின்மேல் திரும்ப வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கொண்டை ஊசி வளைவுல வண்டி முட்டிக் கேள்விப்பட்டிருக்கேன் மச்சான். கொண்டை ஊசியாலேயே முட்டினதை இப்பதான் பாக்கறேன்."

வேறொரு நாளாக இருந்தால் வீடே வெடித்துச் சிரித்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை, சொன்னவரும்கூட.

"எட்டு மாசமா?" என்றாள் அக்கா. "எட்டு மாசமா அந்த வண்டியிலதானேடா நான் போயிட்டு வந்தேன். போன மாசம் உன் மருமகளைக்கூட மடியில வச்சுக்கிட்டு." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. "அந்த மனுஷன் உன்னைப் பாத்து, சொல்லுங்க சார்னு கேட்டப்ப நான் ஸ்டிரெச்சர்ல கண்ணை மூடிட்டுக் கிடந்தேன்டா. காது கேட்டுச்சு."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் சீப்பைக் கையில் பிடித்தபடி அந்தக் கறுப்புத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டிலை நகர்த்தித் தேடினீங்களே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் கூனிக் குறுகி நின்றார். கை ஒடிந்ததற்குக்கூட ஏதோ ஒரு சமாதானம் சொல்லலாம், தெரியாமல் நடந்தது என்று. கட்டிலுக்கடியில் டார்ச் அடித்ததற்குச் சொல்ல உலகத்தில் ஒரு வார்த்தை இல்லை.

அத்தான் தன் போனில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, டாக்டர் முன்னால் நீட்டினார். பின்னணியில் சுத்தியல் சத்தம் கேட்டது.

"அண்ணே, நான்தான். எல்லாரும் பக்கத்துல இருக்காங்க. நீங்க பின்னாடி ரெண்டுதான் கழட்டினீங்க. நான் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. அன்னிக்கே இருந்துச்சு."

சுத்தியல் நின்றது.

"சரி சார்."

"வேன் எல்லாம் உன்கிட்டயேதான்யா இருக்கும்" என்று அத்தான் குறுக்கே சொன்னார். "நான் பேசினதை மனசுல வச்சுக்காதே."

"சரி சார்" என்றார் மெக்கானிக் மறுபடியும். பிறகு, "டாக்டர் சார் வண்டிக்குச் சக்கரம் மாட்டி வச்சிடறேன். செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கட்டும். அதுக்கப்புறம் அவர் வேற கடை பாத்துக்கட்டும் சார். கோபம் இல்ல. ஆனா வேற கடை பாத்துக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை போனபோது மெக்கானிக் இல்லை. சாவி வண்டியிலேயே இருந்தது. இடது முன் சக்கரத்தின் மூடியை அடைக்காமல் சீட்டின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். நட்டின் குறுக்கே புது ஸ்பிளிட் பின். ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே, ஒட்ட மடக்கியிருந்தது. டாக்டர் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தார். பட்டறையில் இருந்தவர்கள் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் எழ முடியவில்லை. பிறகு மூடியை வைத்து, சுத்தியலை இரவல் கேட்டு, நாலு தட்டுத் தட்டி அடைத்தார்.

வீட்டுக்கு வந்து கை கழுவ உள்ளே போனார். நிலைக்கண்ணாடி மேசையில் சீப்பு இருந்தது, பவுடர் டப்பா இருந்தது. ஊசி அட்டையை மட்டும் காணவில்லை.

அவர் தேடவில்லை.