நானே கேட்டாலும்

பள்ளிக்கூடத்துக்கு இணையம் வந்துவிட்டது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சலித்துப்போன பிறகுதான் வந்தது என்றாலும், வந்தது வந்ததுதானே! தலைமையாசிரியர் அதற்கென்றே பெற்றோர் கூட்டம் போட்டார். மைக் கையில் கிடைத்தால் லேசில் விடுகிற ஆளா அவர்? "போனுக்கு ஓடிபின்னு ஒரு நம்பர் வரும். எவன் கேட்டாலும் சொல்லாதீங்க. நானே கேட்டாலும் சொல்லாதீங்க!" என்று மேசையில் ஓங்கித் தட்டினார். நல்ல கைதட்டல்.

அன்றைக்குக் கை சிவக்கத் தட்டியவர்களில் ஒருவர், சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அவருடைய மகள்தான் இப்போது கணினி அறையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்று மாலை ஐந்து மணியோடு கடைசி. விட்டால் ஒரு வருஷம் போச்சு. எல்லாம் நிரப்பியாயிற்று, பாக்கி, அப்பாவின் போனுக்குப் போயிருக்கும் ஓடிபி மட்டும்.

அவள் கேட்டுப் பார்த்துவிட்டாள். "என் பொண்ணு குரல்லயே பேசுறியே, பலே ஆளுதான்!" என்று அப்பா போனை வைத்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் அவளிடமிருந்து போனை வாங்கி மறுபடி கூப்பிட்டார். ஸ்பீக்கரைப் போட்டார். குரலில் தேன் குழைத்தார். "வணக்கம் ஐயா, நல்லா இருக்கீங்களா? நான் ஹெட்மாஸ்டர் பேசுறேங்க. அந்த நம்பரைக் கொஞ்சம் சொல்றீங்களா?"

"யார்கிட்ட கதை விடுற? எங்க ஹெட்மாஸ்டர் என்னை ஒரு நாளாவது 'ங்க' போட்டுப் பேசியிருக்காரா? வேற இளிச்சவாயனைப் பாரு!"

போன் கட். மனிதர் முகத்தில் அசடு வழிந்தது. ஐந்தாக இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அவள் மறுபடி ஓடிபி அனுப்பவைத்தாள். பிறகு, விசைப்பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்: "சார், எப்பவும் போல பேசுங்க சார்."

"எப்பவும் போலன்னா?"

"அப்பாவை எப்பவும் எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படி."

அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமும் இவளை வைத்துக்கொண்டுதானே இவள் அப்பனை வாய்க்கு வந்தபடி பேசினார்? அப்போதெல்லாம் தங்குதடையில்லாமல் வந்தது. இன்றைக்கு, அதுவும் அவளே கேட்கும்போது, நாக்கு எழவில்லை. வேறு வழியும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போனில் கத்தினார்.

"டேய் தற்குறி! மூட்டை தூக்குற மாட்டுக்கு எவன்டா போன் வாங்கிக் குடுத்தான்? நம்பரைச் சொல்லுடா!"

"ஐயா! நீங்களா!" அந்தப் பக்கம் குரல் அப்படியே உருகியது. நம்பர் கடகடவென்று வந்தது. அவள் தட்டினாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகத் திரை சொன்னது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைமையாசிரியருக்குச் சந்தோஷப்பட முடியவில்லை, வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினார். அதில் அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. அடுத்த தடவை எடுத்ததுமே திட்டிடுங்க, எனக்கு அடையாளம் தெரிஞ்சிரும்."