கட்டை மாத்தின துப்பாக்கி

முதல்லயே சொல்லிடறேன், அந்தக் கறுப்புக் கட்டையை மாட்டச் சொன்னது நான்தான். என் புருஷன் ஆரின் மேல ஒரு தப்பும் இல்ல. அவனுக்கு மரக்கட்டைதான் பிடிக்கும். இருபத்தாறு வருஷமா ஒரே ஷாட்கன், தோள்ல முட்டுக் குடுக்கற பின்பக்கத்துல ஒரே வால்நட் மரக்கட்டை. அவன் கன்னம் பட்டுப் பட்டு அதுல ஒரு பக்கம் மட்டும் வழவழன்னு ஆயிருந்துச்சு. வசந்தத்துல மூணு வாரம் வான்கோழி வேட்டைக்குப் போகும், மத்த நாளெல்லாம் கதவுக்குப் பின்னாடி சும்மா நிக்கும்.

எங்க வீடு மிசௌரி மலைப்பக்கம், ஜல்லி ரோட்டோரம். ஆரினுக்குக் கல்குவாரியில ராத்திரி ஷிப்டு. பிப்ரவரியில ரெண்டு மைல் தள்ளி ஹட்சின்ஸ் வீட்டுக்குள்ள ரெண்டு பேர் புகுந்து, அந்த அம்மாவை நாற்காலியில கட்டிப் போட்டுட்டு வீட்டையே வழிச்சுட்டுப் போயிட்டானுங்க. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே போச்சு. நாய் குரைச்சா உக்காருவேன், குரைக்கலைன்னா ஏன் குரைக்கலைன்னு உக்காருவேன்.

"அதான் துப்பாக்கி இருக்கே"ன்னான் ஆரின்.

"அதைப் பார்த்து எவன் பயப்படுவான்? மேஜைக் கால் மாதிரி இருக்கு. சுட எனக்குத் தைரியம் வருமோ வராதோ, பார்த்ததுமே வந்தவன் ஓடணும். அப்படி ஒண்ணு வேணும் எனக்கு."

சனிக்கிழமை டெல்பர்ட் கடைக்குப் போனோம். தூண்டில் புழுவும் விப்பான், துப்பாக்கியும் விப்பான், ஊர் வம்பை மட்டும் சும்மா குடுப்பான். எங்க துப்பாக்கியை மேஜை மேல வெச்சுட்டு, பக்கத்துல அதே மாடல்ல கறுப்பு ஒண்ணை எடுத்து வெச்சான். அட கடவுளே, ரெண்டும் ஒரே ஜாதின்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. அதுல கைத்துப்பாக்கி மாதிரி பிடி, குழலுக்குக் கீழ டார்ச், பக்கவாட்டுல தோட்டா செருக வரிசையா ஓட்டை.

"உள்ள ரெண்டும் ஒண்ணுதான். சட்டைதான் வேற. பட்டாளத்து மாதிரி இருக்கற இதுக்கு டாக்டிகல்னு பேரு, இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க"ன்னான் டெல்பர்ட்.

"எனக்குப் பழைய சட்டையே போதும்ப்பா"ன்னான் ஆரின்.

"உன்னை யாரு கேட்டா? ராத்திரி தனியா இருக்கறது நீயா, ட்விலாவா?"ன்னு டெல்பர்ட் என்னைக் கை காட்டினான்.

"இதைத் தூக்கிட்டுப் போனா வான்கோழி சிரிச்சே செத்துரும். தோட்டாச் செலவு மிச்சம்"னு ஆரின் சொல்ல, கடையில நின்ன நாலு பேரும் சிரிச்சாங்க.

எனக்கு வந்துச்சே கோபம்! "உனக்குக் கோழிதான் பெருசு. என்னை நாற்காலியில கட்டிப் போட்டாலும் உன் கட்டை பளபளன்னு இருந்தா போதும், இல்ல?"ன்னு நாலு பேர் முன்னாடி கத்திட்டேன். சிரிச்சவங்கெல்லாம் தூண்டில் முள்ளை எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ஆரின் "மாத்திடு டெல்பர்ட்"னு மட்டும் சொல்லிட்டு வெளிய போயி டிரக்ல சாஞ்சு நின்னுட்டான்.

அரைமணி நேரத்துல வேலை முடிஞ்சுது. பழைய குழலுக்குப் பதிலா குட்டைக் குழல் வேற. கடைசியா டெல்பர்ட் ஒரு தோள்வாரைக் காட்டினான். அது தோள்ல சும்மா தொங்கற ரகம் இல்ல. உடம்பைச் சுத்தி வந்து துப்பாக்கியோட பின்பக்கம் கொக்கியில மாட்டிக்கும். "ரெண்டு கையையும் விட்டாலும் கீழ விழாது. எவனும் உங்ககிட்ட இருந்து பிடுங்கவும் முடியாது"ன்னான். எனக்கு எல்லாத்தையும் விட அதுதான் பிடிச்சுது.

சொன்னா வெக்கக்கேடு, அன்னைக்கு ராத்திரி நான் நிம்மதியாத் தூங்கினேன். ரெண்டு மாசமும் தூங்கினேன்.

ஏப்ரல்ல வான்கோழி சீசன் திறந்துச்சு. ஆரின் லீவு போட்டிருந்தான். "வேட்டைக்காவது உன் மரக்கட்டையை மாட்டிக்கோயேன்"னேன்.

"மறுபடி நான் ஷிப்டுக்குப் போகும்போது உனக்கு இதுதானே வேணும்? கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி... இருக்கட்டும் விடு"ன்னான். எனக்காகத்தான் அப்படியே எடுத்துட்டுப் போனான்.

எங்க பக்கம் சீசன்ல, இலை தழை போட்ட சட்டையும் முகத்துல வலையும் மாட்டிக்கிட்டு ஆம்பளைங்க விடிகாலையில ரோட்டுல நடப்பாங்க. வான்கோழிக்குக் கண்ணு அவ்வளவு கூர்மை, கொஞ்சம் வெள்ளைத் தோல் தெரிஞ்சாலும் பறந்துரும். கையில துப்பாக்கியோட போறவனைப் பார்த்தா ஸ்கூல் பஸ் டிரைவர் கையாட்டுவான், பிள்ளைங்க ஜன்னல்ல தலையை நீட்டி "கிடைச்சுதா?"ன்னு கேக்கும். ஆனா அந்த மாசம் பழைய டிரைவர் முட்டி ஆபரேஷன்ல படுத்திருந்தான். புதுசா வந்த பொண்ணு பேரு ரோண்டா, செயின்ட் லூயிஸ் பட்டணத்துக்காரி.

ஏழேகால் மணி இருக்கும். பிஸ்கட்டை ஓவன்ல வெச்சுட்டு கிரேவி கிண்டிக்கிட்டிருந்தேன். ஜன்னல் வழியாப் பார்த்தா, எங்க திருப்பத்துல பஸ் வந்து வான்ஸ் வீட்டுப் பிள்ளைங்க ரெண்டையும் ஏத்துச்சு. ஓடைப் பக்கமிருந்து ஆரின் ரோட்டுக்கு ஏறினான், கோழி ஒண்ணும் கிடைக்காம, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. பஸ் கதவைக்கூடச் சரியாச் சாத்தாம விர்ருனு கிளம்பிச்சு. என்னடா இவளுக்கு அவசரம்னு நினைச்சேன்.

ரோண்டா பின்னாடி என்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னா: "மரக்கட்டைன்னா வேட்டைக்காரங்கன்னு எனக்கும் தெரியும் மேடம். காலையில மூணு பேரைப் பார்த்துக் கையாட்டிட்டுத்தான் வந்தேன். இவரு கையில இருந்தது வேற மாதிரி இருந்துச்சு. எனக்குப் பின்னாடி பத்தொம்போது பிள்ளைங்க." அவளை நான் என்னன்னு திட்ட?

முகமூடி போட்ட ஆள், கறுப்புத் துப்பாக்கி, ஸ்கூல் பஸ்ஸுக்குப் பக்கத்துல. பஸ் ரேடியோ வழியாப் போலீஸுக்குப் போனது இவ்வளவுதான். ஆரின் நின்னு நின்னு, புல்லுல தடம் பார்த்துப் பார்த்து வர்றவன். எங்க தபால் பெட்டிகிட்ட வந்து சேர்றதுக்குள்ள ஷெரிப் ஆபீஸ் கார் ஜல்லி தெறிக்க வந்து நின்னுது. ஒரு போலீஸ்காரப் பையன் கார்க் கதவுக்குப் பின்னாடி குனிஞ்சு, துப்பாக்கியை நீட்டிட்டான்.

"கீழ போடு! துப்பாக்கியைக் கீழ போடு!"

ஆரினுக்குக் குவாரி வெடிச் சத்தத்துல இடது காது போய்ப் பல வருஷம் ஆச்சு. கார் நின்னது இடது பக்கம். அவன் பாட்டுக்கு ரெண்டு அடி நடந்தான். மூணாவது தரம் கத்தினப்பதான் திரும்பினான். சொன்னபடி கீழ வைக்கப் பார்த்தான். எங்க வைக்கறது? வார் உடம்பைச் சுத்தி இருக்கு. கையை விட்டான், துப்பாக்கி விழாம வயித்து மேல தொங்கிச்சு. கொக்கியைக் கழட்டறதுக்காகக் கையை மறுபடி அங்கயே கொண்டு போனான்.

"கையைத் தூக்கு! சுட்டுருவேன்! கையைத் தூக்குடா!" அந்தப் பையனோட குரல் கீச்சுன்னு உடைஞ்சுது. கீழ போடவும் சொல்றான், கையைத் தூக்கவும் சொல்றான், ஒரு மனுஷன் எதைத்தான் செய்வான்?

வெறுங்காலோட வாசலுக்கு ஓடி வந்து, "ஆரின்!"னு அலறினேன். பாவி நான், வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நான் நின்னது அவனோட நல்ல காதுப் பக்கம். என் குரல் கேட்டதும் சடார்னு என்னைப் பார்த்துத் திரும்பினான். தொங்கின துப்பாக்கியும் அவனோட சுத்தி, குழல் அந்தக் காரைத் தடவிக்கிட்டு வந்துச்சு.

அந்த நொடியில எனக்குத் தெரிஞ்சு போச்சு. என் புருஷன் செத்துட்டான், நானே கொன்னுட்டேன்.

அந்தப் பையனோட துப்பாக்கி வெடிக்கல. ஏன் வெடிக்கலைன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. நான் "அது ஆரின்! வேட்டைக்குப் போனவன்! காது கேக்காது!"ன்னு கத்திக்கிட்டே ரோட்டுல போய் விழுந்தேன். ஆரின் ரெண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிட்டு, மெல்ல முட்டி போட்டான். அந்தப் பையன் கிட்ட வந்து முகவலையை இழுத்தான்.

"ஆரின் சார்?"

எங்களுக்குப் பழக்கமான மார்லிஸோட மகன் டேனர். போலீஸ் சட்டை போட்டு எட்டு மாசம்தான் ஆகுது. துப்பாக்கியை உறையில செருகவே அவனுக்கு ரெண்டு மூணு தரம் ஆச்சு. அப்புறம் ரோட்டோரம் போய் வாந்தி எடுத்தான்.

நான் விடல. "கண்ணு தெரியலையா உனக்கு? எங்க வீட்டு வாசல்ல, எங்க தபால் பெட்டிகிட்ட, எங்க ஆளையே சுட வர்றியா? உங்கம்மா முகத்துல எப்படிடா முழிப்ப?"ன்னு வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். ஆரின்தான் கொக்கியைக் கழட்டி, தோட்டாவை எல்லாம் எடுத்துப் பாக்கெட்ல போட்டுட்டு, அவனைத் தோளைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தான். பிஸ்கட் கருகிப் போயிருந்துச்சு. ஆரினே காபி ஊத்திக் குடுத்தான். டேனர் வாங்கினதுல பாதி மேஜை மேல கொட்டிச்சு. "விசையைப் பாதி அழுத்திட்டேன் சார், பாதி அழுத்திட்டேன்"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருந்தான். ஆரின் "சரி, குடி. குடிப்பா"ன்னான். பெரிய அதிகாரி கார்ல வந்து அவனைக் கூட்டிட்டுப் போற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தான்.

கார் போனதும் நான் ஆரம்பிச்சேன். "உன்னைக் கொல்ல வந்தவனுக்கு உபசாரம் பண்றியே, உனக்கு மானம் ரோஷம் ஒண்ணும் கிடையாதா? அவன் மேல கம்ப்ளெயிண்ட் எழுது. நான் சாட்சி சொல்றேன்."

ஆரின் மேஜையில கொட்டின காபியைத் துணியால துடைச்சான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான். அவன் கண்ணுல கோபம் இருந்தா நல்லா இருந்திருக்கும். இல்ல.

"எழுத மாட்டேன் ட்விலா. அவன் இடத்துல நான் இருந்தா சுட்டிருப்பேன்"னான்.