ருத்விக்கின் இரண்டு கிலோ

பன்னிரண்டு மணிக்கு மேல்தான் மழை என்று லோஜினியின் கைத்தொலைபேசி அடித்துச் சொல்லியிருந்தது. காலை ஒன்பதுக்கே கொட்டத் தொடங்கிவிட்டது!

ஹட்டனில் இருந்து வந்த வேன் தேயிலைத் தோட்டத்து மேட்டில் நின்றது. உள்ளே நான்கு அம்மாமார், ஆறு பிள்ளைகள். எல்லோரும் கொழும்பில் வேலைக்காகக் குடியேறியிருக்கும் வெளிநாட்டுக் குடும்பங்கள். மஸ்கெலியா நீர்த்தேக்கக் கரையில் பட்டம் விடுவது, பாய் விரித்துச் சாப்பிடுவது என்று லோஜினி போட்டு வைத்திருந்த திட்டம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, பட்டத்துக்குப் பதிலா தோணி விடுவமா?" என்றார் வேன் ஓட்டி வந்த ராசிக்.

"சும்மா இருங்க ராசிக் நானா. எனக்கு இருக்கிற பயம் எனக்கு."

பயம் இல்லாமல் எப்படி இருக்கும்? கொழும்பில் வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கும் பாலர் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தவள், அதை விட்டுவிட்டுத் தன் தோட்டத்துக்கே திரும்பி வந்து இந்தச் சுற்றுலா வேலையைத் தொடங்கியிருந்தாள். இதுதான் முதல் பயணம். "திங்கட்கிழமை வரைக்கும் உன் இடத்தை வெச்சிருக்கேன், அதுக்குள்ள முடிவு சொல்லு" என்று பள்ளிக்கூடத்து மிஸ் சொல்லியிருந்தார். இன்று சனிக்கிழமை. இன்றைய பயணம் சொதப்பினால் மறுபடியும் கொழும்பு விடுதி, மறுபடியும் அந்த இரட்டை அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு.

முடிவு மிருதுளாவின் கையில் இருந்தது. சென்னைக்காரி. கணவருக்குக் கொழும்பில் வங்கி வேலை. வெளிநாட்டு அம்மாமாரின் வாட்ஸப் குழுவை நடத்துபவள் அவள்தான். அவள் நன்றாக இருந்தது என்று ஒரு வரி எழுதினால் வேன் வேனாக ஆள் வரும். நன்றாக இல்லை என்று எழுதினால் அத்தோடு கதை முடிந்தது.

மழைக்கென்று லோஜினி ஒரு மாற்று ஏற்பாடும் வைத்திருந்தாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் சாவியை வாங்கி வைத்திருந்தாள். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம்; பிள்ளை பார்க்கும் ஆயாவுக்குச் சனிக்கிழமை லீவு என்பதால் பூட்டிக் கிடக்கும். பாய் விரித்து, வண்ணப் பென்சில், கத்தரி, பசை எல்லாம் பரப்பினாள்.

பத்து நிமிடம் கூடத் தாங்கவில்லை.

"இது எங்க ஸ்கூல்லயே இருக்கே!" என்றான் மிருதுளாவின் மகன் ருத்விக். ஐந்து வயது. ஜெர்மன் இரட்டைச் சிறுமிகள் ஒரே சிவப்புப் பென்சிலுக்காக முடியைப் பிடித்துக்கொண்டார்கள். கொரியப் பையன் பசையை நக்கிப் பார்த்துவிட்டு அழுதான். மிருதுளா ஒரு டப்பாவைத் திறந்து, கைத்தொலைபேசியில் பொம்மைப் படம் ஓடவிட்டு, மகன் வாயில் ஸ்பூனைத் திணித்தாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"பார்த்தீங்களா லோஜினி? ரெண்டு வாய்க்கு மேல இறங்காது. பதினேழு கிலோதான் இருக்கான். டாக்டர் போன வாரம்தான் திட்டினார்." அவள் கண் கடிகாரத்துக்குப் போனது. "மழை விடாது போலிருக்கே. கிளம்பிடலாமா?"

லோஜினி ஜன்னலுக்குப் போய் மழையைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து, வெளியே, படங்குச் சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண்கள் கூட்டமாக ஓடினார்கள். முதல் நிறுவை! பக்கத்திலேயே கொழுந்து மடுவம். பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. நாலு பக்கமும் திறப்பு, மேலே நல்ல தகரக் கூரை.

"புள்ளைங்களா!" கையைத் தட்டினாள். "யாருக்குத் தராசுல தொங்கணும்?"

ஆறு பென்சில்களும் ஒரே நேரத்தில் பாயில் விழுந்தன.

மடுவத்தின் நடு உத்தரத்தில் தராசு தொங்கியது. கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் அதன் முன்னால் நின்று, ஒவ்வொரு சாக்காக மாட்டி எடையைக் கூவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்தப் புள்ளைகள கொஞ்சம் நிறுத்துக் குடுங்க. ஆசப்படுறாங்க."

"வெள்ளக்காரக் கொழுந்தா? கொண்டா, கொண்டா!" அவருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது.

புதிய கொழுந்துச் சாக்கு ஒன்றை ஊஞ்சல்போல மடித்துக் கொக்கியில் மாட்டினார்கள். மிருதுளா தயங்கினாள்.

"பயப்படாதீங்க மேடம், நான் புடிச்சுக்கிறேன். தராசு புதுசு. நூறு கிராம்கூடப் பிசகாது" என்று லோஜினி அளந்துவிட்டாள்.

முதல் ஆள் ருத்விக். ஓடி வந்ததில் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சாக்கில் உட்கார்ந்து காலைத் தூக்கியதும் தரையைவிட்டு ஒரு சாண் மேலே எழும்பினான். "நான் பறக்கிறேன்!" என்ற கூச்சல் தகரத்தில் எதிரொலித்தது. பெண்கள் கைதட்டினார்கள். முத்துலிங்கம் தன் பக்கம் திரும்பியிருந்த எண்ணைப் பார்த்தார், உதட்டை அசைத்தார், கூவினார்.

"பதினஞ்சு!"

மிருதுளாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"எவ்வளவு?"

"பதினஞ்சுங்கம்மா."

"போன வாரம் பதினேழு! ஒரே வாரத்துல ரெண்டு கிலோவா?" மகனைச் சாக்கில் இருந்து வாரி எடுத்தாள். நெற்றியைத் தொட்டாள், கண்ணை விரித்துப் பார்த்தாள். "ருத்விக், வயிறு வலிக்குதா? சொல்லு கண்ணா. ராசிக், வண்டிய எடுங்க! நேரா கொழும்பு ஆஸ்பத்திரிக்கு!"

"மேடம், ஒரு நிமிஷம்..."

"நூறு கிராம்கூடப் பிசகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

ராசிக் சாவியோடு வேனை நோக்கி ஓடினார்; மகனைத் தூக்கிக்கொண்டு மிருதுளாவும் பின்னால் ஓடினாள். மற்ற அம்மாமார் குடையைத் தேடினார்கள். லோஜினிக்கு இரட்டை அடுக்குக் கட்டில் கண்ணுக்குள் வந்து நின்றது. தானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாளே!

இந்த அமளிக்குள் ஜெர்மன் இரட்டையரில் ஒருத்தி தானாகவே சாக்கில் ஏறித் தொங்கிவிட்டாள். லோஜினி பாய்ந்து போய்ப் பிடித்தாள். பிடித்த இடத்தில் இருந்து பார்த்தால் தராசின் சிவப்பு எண் நேரே தெரிந்தது. இருபது.

"பதினெட்டு!" என்று கூவினார் முத்துலிங்கம்.

லோஜினி எண்ணைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"ஐயா! இருபது காட்டுது. பதினெட்டுங்கிறீங்க?"

"ஆமா. எப்பவும் போலதான். சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ கழிக்கிறது. மழையில தண்ணி நிக்கும்ல?"

"ஐயா, இது கொழுந்து இல்லீங்க. புள்ள!"

முத்துலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். மடுவம் முழுக்க வெடித்ததே ஒரு சிரிப்பு! முன்வரிசையில் நின்ற சண்முகவடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க கொழுந்த முழுங்குனது பத்தாதுன்னு, பச்சப் புள்ளையிலயும் ரெண்டு கிலோ முழுங்கிட்டீங்களேய்யா!"

"வாயி பழகிப் போச்சு வடிவு. விடேன்."

"விடுறதா? வெயில் காஞ்சாலும் ஈரம்னு கழிக்கிற வாயாச்சே அது!"

லோஜினி மழையிலேயே வேனுக்கு ஓடி, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். மிருதுளா முதலில் நம்பவில்லை. பிறகு கொட்டகைக்கு வந்து, மகனை மறுபடி சாக்கில் ஏற்றி, எண்ணைத் தானே பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. சிரிப்பும் அழுகையுமாக மகனைக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் ருத்விக் சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்து முத்துலிங்கத்தின் முன்னால் போய் நின்றான்.

"அங்கிள், என் ரெண்டு கிலோவைத் திருப்பிக் குடுங்க!"

"அப்புடிக் கேளு ராசா!" என்று சண்முகவடிவு எழுந்தாள். "கழிக்காதே! கழிக்காதே! சொல்லு!"

ருத்விக் அதை ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கினான். என்ன விளக்கினானோ, ஆறு பேரும் கையை உயர்த்திக்கொண்டு தராசைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "கலிக்காதே! கலிக்காதே!" கொரியப் பையன்தான் எல்லோரையும்விடச் சத்தம். பெண்கள் தாளம் போட்டார்கள். ஜெர்மன் அம்மா காணொளி எடுத்தாள்.

"சரிங்கய்யா, சரி!" முத்துலிங்கம் இரண்டு கையையும் தூக்கினார். ஈரச் சட்டைகளைக் கழற்றி, துவட்டி, மறுபடி நிறுவை. இந்த முறை சாக்கை மட்டும் தனியாக நிறுத்துப் பார்த்தார். அது கால் கிலோகூட இல்லை! பெண்கள் "ஓ" போட்டார்கள்.

"ருத்விக், பதினேழு!"

"பதினேழுதானா? அவ இருபது!" இரட்டைச் சிறுமியைக் காட்டினான். "நான் எப்படி இருபது ஆகறது?"

சண்முகவடிவு தன் தூக்குச் சட்டியைத் திறந்தாள். தேங்காய் ரொட்டி, ஓரத்தில் கட்டச்சம்பல். "இதத் தின்னு. தின்னுட்டு ஏறு."

"உறைக்கும்..." என்று தொடங்கிய மிருதுளாவின் கையை லோஜினி மெல்லப் பிடித்தாள். ருத்விக் சம்பலைத் தள்ளிவிட்டு ரொட்டியைக் கடித்தான். ஒரு வாய், தராசு. இன்னொரு வாய், தராசு. முழு ரொட்டியும் இறங்கிவிட்டது. பொம்மைப் படம் கிடையாது, ஸ்பூன் கிடையாது, கெஞ்சல் கிடையாது. எண் அசைந்த மாதிரித் தெரியவில்லை. அவன் இரண்டாவது ரொட்டிக்குக் கை நீட்டினான்.

அதற்குப் பிறகு மறுபடியும் பெண்களின் நிறுவை. முத்துலிங்கம் சண்முகவடிவின் சாக்கை மாட்டினார். எண்ணைப் பார்த்தார், உதடு பழக்கத்தில் அசையத் தொடங்கியது. கீழே ஆறு சோடிக் கண்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ருத்விக் கையைப் பாதி உயர்த்திவிட்டான். முத்துலிங்கம் தொண்டையைச் செருமி, எண்ணில் இருந்ததை அப்படியே கூவினார்.

"தினமும் வரச் சொல்லு லோஜினி இந்தப் புள்ளைகள!" என்றாள் சண்முகவடிவு.

மூன்று மணிக்கு வேன் கிளம்பும்போதும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது. வேனில் ஏறப்போன மிருதுளா திரும்பினாள்.

"அடுத்த மாசம் ரெண்டு வேன் வரும். இப்பவே குழுவுல போட்டுட்டேன், இடத்துக்குச் சண்டை நடக்குது. ஏரி, பட்டமெல்லாம் உங்க இஷ்டம். இந்தத் தராசு கட்டாயம் இருக்கணும்."

"இருக்கும் மேடம்!"

லோஜினி குடையைக்கூட விரிக்காமல் பள்ளிக்கூடத்து மிஸ்ஸுக்கு அழைப்பு எடுத்தாள். "மிஸ், திங்கட்கிழமைக்கு வேற ஆள் பாத்துக்குங்க. நான் இங்கதான்."

"தங்கச்சி, ரெண்டாவது வேனும் நம்மடதுதானே?" என்று ராசிக் இயந்திரத்தை முடுக்கினார்.

ஜன்னல் வழியே ருத்விக் பாதி உடம்பை வெளியே நீட்டினான்.

"அங்கிள்! அடுத்த தடவை நான் இருபது!"

மடுவத்து வாசலில் நின்ற முத்துலிங்கம் கையை ஆட்டினார்.

"நனையாம வா தம்பி!"